வாய்க்கட்டு

தட்டில் கிடந்த இரண்டு வெள்ளி மீன்களில் ஒன்று இடம் மாறியிருந்தது.

பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு விரற்கடை இருக்கும். காலையில் பித்தளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி, கோயில் வாசல் கடையில் வாங்கிய அந்தத் தகட்டு மீன்களை மூக்கும் மூக்கும் பார்க்கிற மாதிரி எதிரெதிராக வைத்தது ஹில்டாதான். இப்போது ஒன்று வைத்த இடத்திலேயே கிடந்தது. மற்றது விலகிப் போய் தட்டின் விளிம்பில் மூஞ்சியை இடித்துக்கொண்டு கிடந்தது. தண்ணீருக்கு அடியில் கிடக்கிற வெள்ளித் தகடு காற்றடித்து நகர்கிற சமாசாரம் இல்லை. அறையில் காற்றும் இல்லை. பாட்டைப் பதிகிறபோது ஏசியின் இரைச்சல் மைக்கில் விழும் என்று ஷாம் அதை அணைத்து ஒரு மணி நேரம் ஆகிறது.

'என் கால்தான் பட்டிருக்கும்' என்று சொல்லிக்கொண்டாள். தட்டு இருந்ததோ முக்காலி மேல். முக்காலி மேல் இருக்கிற தட்டில் கால் எப்படியம்மா படும்? அதையும் அவளே கேட்டுக்கொண்டாள்.

அந்த அறை முன்னே ஐஸ் கம்பெனியின் குளிர் அறையாக இருந்தது. மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் ஷாமின் அப்பா நடத்தி மூடிய கம்பெனி. மற்ற இடமெல்லாம் குடோன் ஆகிவிட, இந்த ஒரு அறையையும் முன்னால் இருந்த ஆபீஸையும் ஷாம் கேட்டு வாங்கி ஸ்டுடியோ ஆக்கிக்கொண்டான். சுவர் முழுக்க ஒரு அடி கனத்துக்குத் தக்கை வைத்து அடைத்தது. கதவும் அதே கனம். உள்பக்கத்து இரும்புப் பிடியைக் கீழே அழுத்திப் பிடித்தால் வெளியே யார் இழுத்தாலும் அசையாது. கதவின் நடுவில் கைக்குட்டை அளவுக்கு ஒரு கண்ணாடி. தூத்துக்குடியில் தொண்டை கிழிய த்ராஷ் மெட்டல் பாடுகிற பெண்பிள்ளைக்கு இதைவிடத் தோதான இடம் ஏது? வீட்டில் வைத்து ஒருநாள் பாடிப் பார்த்ததற்கு, பிள்ளைக்குப் பேய் பிடித்துவிட்டது என்று பக்கத்து வீட்டார் சாமியாரையே கூட்டி வந்துவிட்டார்கள். ஒரே ஒரு தொல்லை, வாடை. எத்தனை பெயிண்ட் அடித்தாலும் முப்பது வருஷத்து மீன் வாடை சுவரை விட்டுப் போக மாட்டேன் என்றது, வெயில் ஏற ஏற தக்கைக்குள்ளிருந்து கசிந்து வந்து நாக்கில் உட்கார்ந்தது.

பேண்டுக்குப் பெயர் உப்புவாய். டிரம்ஸ் ரெக்சன், கிட்டார் அற்புதமணி. இருவரும் தங்கள் பங்கைப் போன வாரமே வாசித்துவிட்டு அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போய்விட்டார்கள். மிச்சம் ஹில்டாவின் குரல். வாரம் பூராவும் கப்பல் ஏஜென்சி ஒன்றில் கன்டெய்னர் பேப்பர் பார்க்கிறவள், இன்றைக்கு லீவு போட்டு வந்திருந்தாள்.

ஆல்பத்துக்கு 'வாய்க்கட்டு' என்று பெயர். எட்டுப் பாட்டு, ஒரே கதை. ஊர் கிறிஸ்தவ வேதத்துக்கு வருவதற்கு முன்னால் இந்தக் கடலுக்கு என்னென்ன சாமிகள் இருந்தனவோ, அதுகளின் கதை. எட்டாவது பாட்டு கடல்கட்டியைப் பற்றியது. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் ஆள்கள் தண்ணீரில் இறங்குமுன் சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டிப்போட ஒருவன் இருந்தான். அவன் கடலுக்குப் போவதில்லை. கரையில் ஒரு அறைக்குள் உட்கார்த்தி கதவை அடைத்துவிடுவார்கள். முன்னால் ஒரு தட்டில் தண்ணீர், அதில் இரண்டு வெள்ளி மீன். கடைசிக் குளிகாரன் கரையேறும்வரை அவன் வாய் ஓயக் கூடாது, கதவு திறக்கக் கூடாது. எல்லாரும் வந்த பிறகு கட்டை அவிழ்த்துவிட்டுத்தான் எழுந்து வருவான். வேதத்துக்கு வந்த பிறகும் ஊர் அவனை லேசில் விடவில்லையாம். மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி, கடல்கட்டிக்கு ஒரு தேங்காய் என்று ரெண்டு பக்கமும் வைத்துக்கொண்டார்கள்.

அவன் சொன்ன மந்திரம் யாருக்குத் தெரியும்? ஹில்டாவே எழுதிக்கொண்டாள். ஆனால் மற்றதில் எல்லாம் பிடிவாதம். சும்மா மைக் முன்னால் நின்று கத்தினால் அது கடல்கட்டி ஆகாது என்றாள். வெறும் வயிறு, தட்டு, மீன், அடைத்த கதவு, எல்லாம் வேண்டும் என்றாள். கடலில் ஆள் இறங்கியிருக்கிற நாளாக வேண்டும் என்றாள். அதற்கு வெளியே தேட வேண்டியதில்லை. அவள் அண்ணன் ரோச் சங்கு குளிக்கிறவன். முத்து எடுப்பது நின்று அறுபது வருஷமாகிறது, சங்கு எடுப்பது நிற்கவில்லை. படகில் கம்ப்ரசர் ஓடும், காற்றுக்குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு ஆள் அடியில் நடப்பான். அம்மையும் அப்பனும் போன பிறகு ஹில்டாவுக்கு என்று உலகத்தில் இருந்தவன் அவன் ஒருவன்தான்.

விடிகிற நேரத்தில் அவன் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றே கேட்டான்.

"ஏளா, சாமியப் பாடு, பேயப் பாடு, என்னவும் பாடு. நான் அடியில கெடக்கும்போது அத மட்டும் பாடாத."

"நீ அங்கன கெடந்தாத்தானண்ணே அது பாட்டு."

"அவிழ்க்கிறது எழுதிட்டியா?"

"அவிழ்த்துட்டா என்னண்ணே கெத்து இருக்கு? கட்டோடயே முடியும். இதென்ன ஜெபமாலையா, கடைசியில ஆமென் போட?"

அவன் சிரிக்கவில்லை. போட்டு வைத்த காப்பியைத் தொடாமலே போய்விட்டான். அது காலையிலிருந்து அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

ஹெட்போனில் கிளிக் என்றது. வெளியே மேசையில் உட்கார்ந்திருக்கிற ஷாம் பொத்தானை அழுத்தினால்தான் அவன் குரல் உள்ளே வரும்.

"ஹில்டா, நாலாவது டேக்ல மூச்சு விழுது. வரிக்கு வரி நடுவுல."

"நான் மூச்சப் பிடிச்சுக்கிட்டுல்லா நின்னேன்."

"அப்ப நான் விட்டனா? நீயே கேளு."

கேட்டாள். கிட்டார், டிரம்ஸ் எல்லாம் அடைத்துவிட்டு அவள் குரலை மட்டும் ஓட்டினான். 'வாயைக் கட்டு, பல்லைக் கட்டு, வாலைக் கட்டு, வழியைக் கட்டு' என்று அவள் தொண்டையிலிருந்து கரடுமுரடாக எழும்பி, நின்று, அந்த இடைவெளியில் கொர்ர்ர் என்று ஒரு இழுப்பு. நீளமான, ரப்பர்க் குழாய் வழியே இழுக்கிற இழுப்பு. அதன் முடிவில் ஒரு குட்டி விக்கல். அப்புறம் குமிழிகள் பொலபொலவென்று மேலே போகிற சத்தம்.

அந்த விக்கல் அவளுக்குத் தெரியும். சின்ன வயசில் நிமோனியா வந்து பிழைத்த நெஞ்சு அது. இருபத்தாறு வருஷமாக அடுத்த பாயில் கேட்டு உறங்கிய விக்கல்.

"ஷாம், ரோச்சண்ணனுக்கு ஒரு போன் போட்டுப் பாரு."

"கடல்ல ஏதுளா டவர்? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. இன்னொரு டேக் போகலாம்."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. எழுந்து வெளியே போயிருக்கலாம். கதவு ஐந்து அடி தூரத்தில் இருந்தது. ஆனால் அண்ணனின் மூச்சைக் காதில் வாங்கிய பிறகு ஹெட்போனைக் கழற்ற மனசு வரவில்லை. அவ்வளவுதான் காரணம்.

ஐந்தாவது டேக்கில் மூச்சைத் தேடிக் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் பாடும்போதே வந்தது. பதிந்த சத்தம் இல்லை, இப்போதுதான் நடந்துகொண்டிருக்கிற சத்தம். தூரத்தில் மேலே கம்ப்ரசர் தட தடவென்று ஓடுவது, மணலில் கால் இழுபடுவது, சங்கு ஒன்றோடொன்று வலைப்பைக்குள் உரசுவது, எல்லாம் கேட்டது. முதல் வரி முடிந்து அடுத்த வரிக்கு முன் அவள் தொண்டையைச் செருமிக்கொள்ள நின்றாள்.

வேறொன்று கேட்டது.

பெரிதாக ஒன்று, தண்ணீரை ஒதுக்கிக்கொண்டு திரும்புகிற சத்தம். அவசரமே இல்லாமல். ரோச்சின் இழுப்பு சட்டென்று குறுகியது. கொர், கொர், கொர். விக்கல். விக்கல்.

"வாயைக் கட்டு!" என்று கத்தினாள்.

அது நின்றது. இழுப்பு நீண்டது. வலைப்பைக்குள் சங்கு உரசியது.

மனம் கேட்காமல் இன்னொரு தடவை நிறுத்திப் பார்த்தாள். மூன்று எண்ணுவதற்குள் அது திரும்பி வந்துவிட்டது, இந்தத் தடவை இன்னும் கிட்டத்தில். கூட இன்னொன்றும் இருந்தது. அதற்கப்புறம் அவள் நிறுத்திப் பார்க்கவில்லை.

கண்ணாடி வழியே ஆபீஸ் சுவரில் இருக்கிற கடிகாரம் தெரிந்தது. பன்னிரண்டே கால். ரோச் கரைக்கு வர மூன்று ஆகும். சில நாள் நாலு ஆகும். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத தொண்டை. பதினைந்து நிமிஷப் பாட்டுக்கே எரிகிற தொண்டை. மாதாவே, என்று நினைத்தாள். நினைக்கத்தான் முடிந்தது. வாய் வேறு வேலையில் இருந்தது.

ஒரு மணிக்கு ஷாம் எழுந்து வந்தான். கண்ணாடியில் அவன் முகம் வந்தது, சாப்பிடப் போகலாம் என்று கையை வாயில் வைத்துக் காட்டியது. அவள் தலையை ஆட்டினாள். வர மாட்டேன். அவன் சிரித்துக்கொண்டே வெளிப்பிடியில் கை வைத்தான். கதவு ஒரு நூல் விலகியது.

அந்த ஒரு நூலில் காதுக்குள் அத்தனையும் பாய்ந்தது. ஒன்று இரண்டு இல்லை. ரோச் அலறினான், குழாய்க்குள் அலறினால் எப்படி இருக்குமோ அப்படி.

ஹில்டா பாய்ந்து உள்பிடியைத் தொங்கிப் பிடித்துக் கீழே அழுத்தினாள். கதவு ஒட்டிக்கொண்டது. மைக் இருந்த இடத்துக்கும் கதவுக்கும் நடுவில் நின்றுகொண்டு, ஒரு கையால் பிடியை அழுத்தியபடி, ஹெட்போன் வயர் கழுத்தை இழுக்க, பாடினாள். வார்த்தை மாறவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றியது.

வெளியே ஷாம் இரண்டு தடவை தட்டிப் பார்த்தான். அப்புறம் மேசைக்குப் போய்ப் பொத்தானை அழுத்தினான்.

"ஏளா, நல்லாத்தான் இருக்கு, அதுக்காக இப்படியா? சாமி வந்துட்டா உனக்கு?"

'கட்டு, கட்டு, கட்டு' என்றாள் அவள். வேறென்ன சொல்ல முடியும்? திறக்காதே என்று சொல்ல ஒரு மூச்சு வேண்டும். அந்த ஒரு மூச்சு ரோச்சுடையது.

"சரி, ஓடட்டும். நான் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுட்டு, உனக்கும் வாங்கிட்டு வாரேன்." போய்விட்டான். பாவி, மெய்யாகவே போய்விட்டான்.

ஒன்றேகால். ஒன்றரை. அறை வெந்தது. மீன் வாடை மாறியிருந்தது. செத்த மீன் வாடை இல்லை இப்போது, ஆழத்திலிருந்து நங்கூரத்தைத் தூக்கும்போது கூடவே ஏறி வருகிற சேற்றின் வாடை, உயிருள்ள குளிர்ந்த வாடை, அந்த வேக்காட்டுக்குள் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் வந்து முகத்தில் அடித்தது. தொண்டையில் ஏதோ கிழிந்தது. எச்சிலைத் துப்பினாள், சிவப்பாக இருந்தது. பாடினாள். இரண்டு மணிக்குக் குரல் பாதி போயிற்று. இரண்டேகாலுக்கு அது குரலே இல்லை, வெறும் காற்றின் உரசல். அதுவும் போதுமானதாக இருந்தது. அதுகள் வட்டம் போட்டன. கிட்டே வந்து நின்றன. வாய் மட்டும் திறக்கவில்லை.

இரண்டு ஐம்பது.

மூச்சு நின்றது.

கொர்ர் என்ற இழுப்பு பாதியில் அறுந்தது. குமிழி இல்லை. கம்ப்ரசர் இல்லை. ஒன்றுமே இல்லை. கரையேறினானா, இல்லை...? இல்லை என்பதற்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை. நிறுத்தலாமா? நிறுத்தினால்? உதடு மட்டும் அசைந்தது. வாயைக் கட்டு. பல்லைக் கட்டு. செத்துப்போனவனுக்கா கட்டுகிறாய், ஹில்டா? வாலைக் கட்டு. அண்ணே. வழியைக் கட்டு. அண்ணே, அண்ணே.

மூன்றரை வரைக்கும் அப்படி நின்றாள்.

மூன்றரைக்குக் கண்ணாடியில் ஒரு முகம் வந்தது. உப்புப் பூத்து, கண் சிவந்து, மூக்கில் முகமூடியின் தடம் இன்னும் அழியாத முகம். ரோச். முழுசாக ரோச். பின்னால் கையில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு ஷாம்.

அவள் பிடியை விடாமலே நெற்றியைக் கண்ணாடியில் வைத்தாள். சிரிக்க முயன்றாள், சத்தம் வரவில்லை. சந்தோஷம் என்றால் இதுதான், வேறு எதுவும் இல்லை என்று அந்த நிமிஷம் நினைத்தாள்.

ரோச் மேசைக்கு ஓடிப் போனான். கிளிக்.

"ஏளா, ஆறு சுறா நின்னுது. என்னச் சுத்தி ஆறு. மூஞ்சிக்கு நேர மூஞ்சி. ஒண்ணுகூட வாயத் திறக்கல." அதே குட்டி விக்கல். "நீதான்னு தெரிஞ்சுட்டு. கரையில இறங்குன உடனே ஓடி வாரேன். படகுல போன நாங்க நாலு பேரும் ஏறியாச்சு. போதும் தங்கச்சி, வெளிய வா."

அவள் தலையை ஆட்டினாள். ஆமாம், வாரேன். பிடியை மேலே தூக்கக் கையை மாற்றினாள்.

பொத்தானை அவன் விட்டதும் ஹெட்போனில் மறுபடியும் கடல் வந்தது.

கம்ப்ரசர் இல்லை. குழாய் இல்லை. குழாய் வைத்துக் குளிக்கிறவர்களின் சத்தம் இல்லை இது. கயிறு முறுகியது. ஆளை அடிக்கு இறக்குகிற கல் ஒன்று மணலில் உட்கார்ந்தது. அப்புறம், ஆழத்தில், ஒரு ஆள் மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கிற அமைதி. அவனுக்குப் பக்கத்தில் இன்னொருவன். அப்பால் இன்னொருவன். அடக்க முடியாமல் எங்கோ ஒருத்தனின் வாயோரம் ஒரு குமிழி கிளம்பியது. அதைக் கேட்டு இன்னொருத்தன் அசைந்தான். கூடை உரசியது. பத்துக் கூடை. நூறு. எண்ண முடியவில்லை. எந்தக் காலத்திலோ முத்துக்கு இறங்கியவர்கள். ஏறாதவர்கள்.

கடைசிக் குளிகாரன் கரையேறும்வரை.

ஹெட்போனைப் பிய்த்து எறிந்தாள். சத்தம் போகவில்லை. தலைக்குப் பின்னால், அறைக்குள், கேட்டது. அவிழ்க்கிற வார்த்தை ஏதாவது சொல்ல வேண்டும், எதையாவது, 'போங்க, எல்லாரும் மேல போங்க' என்றாவது. வாயைத் திறந்தாள். காற்றுகூட வரவில்லை. குரல் முழுவதையும் அண்ணனுக்குக் கொடுத்துத் தீர்த்திருந்தாள்.

வெளியே ரோச் கதவை இழுத்தான். நங்கூரக் கயிறு இழுத்துப் பழகிய கை, உள்ளே பிடியிலும் இப்போது அழுத்தம் இல்லை. கதவு விலகியது. வெளிச்சம் ஒரு கோடாக உள்ளே விழுந்தது. வெயில். ரோட்டில் லாரி ஹாரன். அண்ணனின் நான்கு விரல்கள் இடுக்குக்குள் வந்தன. அவள் பிடியை மேலே தூக்கினாள், முழு பலத்தோடு.

அவள் கைமேல் ஒரு கை வந்து உட்கார்ந்தது.

பின்னாலிருந்து. குளிர்ந்த கை. வெகுநேரம் தண்ணீரில் ஊறி வெளுத்து, தோல் சுருங்கி, நகம் இல்லாத கை. அழுத்தமாக இல்லை, பரிவாகத்தான் வைத்தது. அதன்மேல் இன்னொன்று. அதன்மேல் இன்னொன்று. பிடி கீழே இறங்கியது. அண்ணனின் விரல்கள் வெளியே உருவிக்கொண்டன. கோடு மறைந்தது.

ரோச்சின் முகம் கண்ணாடியில் மோதியது. அவன் அவள் கையைப் பார்த்தான். அவள் கையை மட்டும்தான் பார்த்தான். தக்கைக் கதவைத் தாண்டி ஒரு துளி சத்தம் வரவில்லை, ஆனால் உதட்டைப் படிக்க முடிந்தது.

கைய விடு. ஏளா, கைய விடு. நீதான பிடிச்சிருக்க. விடுளா.

இல்லை என்று தலையை ஆட்டினாள். ஆட்ட முடிந்த மட்டும் ஆட்டினாள். இரண்டு ஈரக் கைகள் கன்னத்தின் இரு பக்கமும் வந்து, அண்ணனைப் பார்த்திருந்த முகத்தை மெதுவாக மைக்கின் பக்கம் திருப்பின. மூன்றாவது கை ஒன்று அவள் தாடையைப் பிடித்தது. பிள்ளைக்கு மருந்து ஊற்றுகிறவர்கள் பிடிப்பது மாதிரி, பக்குவமாக.

வாயைத் திறந்தது.